கழிவு போக நூத்தி அம்பத்திரண்டே முக்கால்

டேப்பின் கொக்கியை ராஜகுரு நம்புவதில்லை. நுனி தேய்ந்திருக்கும், அரை நூல் ஆடும், அளவு பொய் பேசும் என்பது அவர் கட்சி. அதனால் ஓர் அடி விட்டு, ஒன்று என்கிற கோட்டைச் சுவர் மூலையில் வைக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையில் வருகிற எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பார். விளாங்குடியில் அவருடைய கார் ஷெட்டின் கோடியில் குந்தி உட்கார்ந்து, தரை போட வந்த மருது அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது இது மூன்றாவது தடவை.

"ஒண்ணுல இருக்கா? ஆடாமப் பிடிப்பா. ஒன்னைய நம்பித்தான் அளக்குறேன்."

எதிர்முனையில் பத்தொன்பது வந்தது. நேற்றும் வந்தது. காலையிலும் வந்தது. "பத்தொன்பதுல ஒண்ணு போனா பதினெட்டு" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு. கழிப்பதற்கு ஏதாவது கிடைத்துவிட்டால் அந்த மனுஷனுக்கு அன்றைக்குக் காபிகூட வேண்டாம்.

அறுபத்து நாலு வயது. ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளே இருக்கும்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலும் இருக்கும். வேட்டி கட்டி, சட்டை போட்டு, ஸ்கேல் வைத்து, அப்புறம்தான் கண்ணாடியைத் தேடுவார். சுவர்ப் பூச்சுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மொத்தச் சுவரையும் எழுதி, கதவும் ஜன்னலும் இருக்கிற இடத்தை அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குக் கழிவு என்று பெயர். மற்றவர்கள் அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். ராஜகுரு அந்த வரியிலேயே குடியேறி, ஓய்வும் பெற்று, இன்னும் காலி செய்யவில்லை.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: "கழிவு போக எம்புட்டு?" பத்துப் பேர் விருந்தாளி வருகிறார்கள் என்றால், "ரெண்டு பேருக்கு சுகரு, ஒண்ணு கைப்பிள்ளை. கழிவு போக ஏழு பேருக்கு ரவையப் போடு" என்று சமையலறை வாசலில் நின்று கட்டளை போகும். மனைவி பத்மாசினி எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் திரும்பிய பிறகு போடுகிற ஒரு கைப்பிடி ரவையில்தான் இந்தக் குடும்பத்தின் மானம் இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது.

தெருவில் யார் வீட்டு வாசலில் ஜல்லி இறங்கினாலும் ராஜகுரு அங்கே நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "இம்புட்டு எதுக்கு? யாரு போட்ட எஸ்டிமேட்டு இது?" என்பதுதான் வணக்கம். அவர் பேச்சைக் கேட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளை வாங்கிய கண்ணுச்சாமியின் வீட்டில் கடைசி நாலடி மூன்று வருஷமாகச் சிமெண்டு நிறத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் நடந்து போகும்போது ராஜகுரு வெட்கப்படுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நின்று, சுவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி கலந்துருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை ஒன்றும் உண்டு. முதல் நாளே மருது அதை இரண்டு தடவை கேட்டுவிட்டான். "தொண்ணூத்தி ஆறுல, டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கட்டடம்பா. பூச்சு முடிஞ்சு போயிப் பாக்குறேன், ஒரு சட்டி சிமெண்டு மிஞ்சல. கொறையவும் இல்ல. இன்ஜினீயரே அசந்துட்டாரு."

மூன்றாவது தடவை மருது கேட்டான்: "நாலு பக்கமும் பூசியாச்சா சார்?"

"பின்னாடி பூரா வேலிக்காத்தான். அங்கிட்டு யாரு போயி நிக்கப் போறா? அது கழிவு."

மருது தலையை ஆட்டிக்கொண்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. மில்களிலும் குடோன்களிலும் எபாக்ஸி என்கிற பிசின் தரை ஊற்றிப் பழகி, இப்போது வீடுகளுக்கும் ஊற்றுகிறான். ஆரப்பாளையத்தில் ஒரு பெயிண்ட் கடைக்காரர் சொல்லித்தான் இங்கே வந்தான்.

வரச் சொன்னது ராஜகுரு இல்லை, அவர் மகள் ரம்யாஸ்ரீ. பிசியோதெரபிஸ்ட். ஒன்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களுக்குக் காலைத் தூக்கி வைக்கக் கற்றுக்கொடுத்தவள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் தொடங்குகிறாள். கார் விற்றபின் காலியாய்க் கிடக்கிற அப்பாவின் ஷெட்தான் இடம். அடுத்த வியாழக்கிழமை திறப்பு. முதல் நாளுக்கே மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் பக்கவாதம் வந்து எழுந்தவர்கள், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்து நடக்கிறவர்கள்.

"ஒரு அட்டை கனத்துக்கு மேடு இருந்தாப் போதும்ணே, பெருவிரல் தட்டிரும்" என்று மருதுவிடம் அவள் சொல்லியிருந்தாள். "ஒரு தடவை விழுந்துட்டா அப்புறம் நடக்கவே பயந்துருவாங்க. இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் ஒரே தரையா வேணும். தண்ணி நின்ன மாதிரி."

ஊற்றிய தரை ஒரு வாரம் காய வேண்டும். அதாவது இந்தப் புதன்கிழமை ஊற்றியே ஆகவேண்டும், ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். மருது ஷெட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து தரையை நகத்தால் கீறிப் பார்த்து, ஷேட் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான். அடிப்பூச்சுக்குப் பிரைமர் ஐந்து கிலோ. மேலே ஊற்றுவதற்கு, பெரிய டப்பாவும் சின்ன டப்பாவும் கலக்குகிற ஐந்து கிலோ செட் ஏழு.

அந்தக் கார்டை ராஜகுரு செத்த எலியைத் தூக்குவதுபோல விரல் நுனியில் தூக்கினார். அப்புறம் ஸ்கேலை வெளியே எடுத்தார். பதினெட்டுக்குப் பதினொன்று, நூற்றுத் தொண்ணூற்று எட்டு. அதற்குமேல் அவர் குரல் மாறியது. மகள் உள்ளே போடப்போகிற சாமான்களைக் கழிக்கத் தொடங்கியதும், கோயிலில் போற்றி சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கம் வந்துவிட்டது.

"கட்டில் ஆறரைக்கு ரெண்டரை, பதினாறே கால். பீரோ ஆறு. மேசை எட்டு. இன்வெர்ட்டரு மூணு. படி எட்டு. சாக்கடை மூடி நாலு. ஆகமொத்தம் நாப்பத்தஞ்சே கால். கழிவு போக நூத்தி அம்பத்திரண்டே முக்கால். அஞ்சு செட்டே ஜாஸ்தி. பிரைமரு மூணு கிலோ."

"படியும் மூடியும் சரி சார். கட்டிலுக்கு அடியில வேணாமா?"

"ஏன், நீ கட்டிலுக்கு அடியில நடக்கப் போறியா?"

"கட்டில நகத்துனா?"

"எதுக்கு நகத்தணும்?"

மருது பதிலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, தரையில் ஊற்றிக் காட்டினான். பதினைந்து வருஷம் காரின் கீழே கிடந்த தரை, ஊற்றிய கையை எடுப்பதற்குள் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கறுப்பாய்ப் பார்த்தது. "பழைய தரை சார். குடிக்கும்."

"எம்புட்டு குடிக்கும்? எழுதிக் குடு பாப்பம்." எழுத முடியாதது ராஜகுருவின் உலகத்தில் நடக்காது. பிறகு படியில் நின்ற மகளிடம் திரும்பி, சௌராஷ்டிரத்தில் நிதானமாகச் சொன்னார்: இவர்கள் எல்லாரும் இரண்டு செட் கூட்டித்தான் கேட்பார்கள், மிஞ்சுவது வண்டியில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போகும்.

கீழவாசல் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைந்த ஒரு காம்பவுண்டில் வளர்ந்தவன் மருது. அந்த மொழியில் அவனைத் திட்டாத வீடு அங்கே இல்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டுத் தமிழில் சொன்னான்: "எங்க வீட்டுல சிவப்பு ஆக்ஸைடு தரை சார். நல்லாத்தான் இருக்கு. இது அதுல ஒட்டாது."

ரம்யாஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ராஜகுருவுக்கு ஒரு நொடிதான் திகைப்பு. மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து மகளிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

மருது மேலே வாதாடவில்லை. ஐந்து என்றால் ஐந்து. வாசலில் வண்டியை எடுக்கும்போது ரம்யாஸ்ரீ பின்னாலேயே வந்து, செட்டின் பெயரையும் நிறத்தின் நம்பரையும் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரைமர். ராஜகுருவின் மூன்று கிலோ, தரையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் தீர்ந்துபோனது. "ஒனக்குக் கை கனமா ஓடுது. தேய்ச்சு இழுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் காபிக்கு உள்ளே போனார். வேறொரு வேலையில் மிஞ்சியிருந்த டப்பாவை மருது வண்டியிலிருந்து எடுத்து வந்து மீதித் தரையை முடித்தான். திரும்பி வந்தவர் மூலைமுடுக்கெல்லாம் மினுமினுப்பதைப் பார்த்தார். "பாத்தியா? மூணே போதும்னேன்ல?"

மருது ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் வந்தால், இடது சுவரோரம் சாக்பீஸில் ஒரு தெருவே போட்டிருந்தது. கட்டில், பீரோ, மேசை, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெயர் எழுதி, அளவு எழுதி, விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் போடுகிற கோடுபோல. அதைச் சுற்றி மருதுவைக் காகித டேப் ஒட்டச் சொன்னார். ஓடுகிற சரக்கு சார், கோட்டுக்கெல்லாம் கட்டுப்படாது என்று அவன் சொன்னான். "நான் பாத்துக்கிறேன்" என்றார் ராஜகுரு. மருது ஒட்டி முடித்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு போய், கட்டில் என்று எழுதியிருந்த கட்டத்துக்குள் நின்றுகொண்டார். "இதுக்குள்ள ஒரு சொட்டு வரக்கூடாது."

மருது ஆணிச் செருப்பை மாட்டினான். அடியில் நீள ஆணிகள் வைத்த செருப்பு அது. ஈரத் தரைமேல் நடந்தாலும் ஆணி பதிந்த இடம் தானே மூடிக்கொள்ளும். முதல் செட்டைக் கலக்கி, உள்சுவரோரம் ஊற்றித் தள்ளினான். எபாக்ஸி கலக்கிவிட்டால் நிற்காது. வாளிக்குள்ளேயே சூடேறி இறுக ஆரம்பிக்கும். ஆகவே அவன் தலை நிமிரவில்லை. ஊற்றினான், தள்ளினான், ஆணி ரோலரை உருட்டிக் குமிழிகளை உடைத்தான். சாம்பல் நிறத் தரை அவனுக்குப் பின்னால் ஏரிபோல விரிந்தது. கட்டத்துக்குள்ளிருந்து விடாமல் குரல் வந்துகொண்டிருந்தது. "கெட்டியா விடுற. அங்க பாரு. இழு. இழுப்பா."

ஷட்டருக்கு ஒன்றரை அடி இருக்கும்போது ஐந்தாவது வாளி காலியானது.

மருது வாளியைக் கவிழ்த்துக் காட்டினான். ராஜகுரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வாசல்லதானே? மிதியடி போட்டுக்கலாம். அது கழிவு" என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றரை அடியை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கோட்டைத் தாண்டினால் எங்கும் ஈரம். அதில் அவர் முகமே தலைகீழாய்த் தெரிந்தது.

"ஏப்பா. நான் எப்பிடி வார்றது?"

"காயணும் சார்."

"எம்புட்டு நேரம்?"

"கால் வைக்கணும்னா நாளைக்குக் காலையில."

ராஜகுரு தூக்கிய காலைக் கட்டத்துக்குள் இறக்கினார்.

"இதுல கழிவு கிடையாது சார்" என்றான் மருது.

சத்தம் கேட்டுப் பத்மாசினி உட்பக்கக் கதவைத் திறந்தாள். கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காபியை எப்படிக் கொடுப்பது என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள். அந்தக் காபியைப் படியில் உட்கார்ந்து தானே குடித்துவிட்டு, அவர் பின்னால் வர முடியாத சமையலறைக்குள் நிம்மதியாகப் போனாள்.

அப்போதுதான் ரம்யாஸ்ரீயின் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலடியில் இரண்டு செட். ஷட்டருக்கு வெளியே நின்று தரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னும் எம்புட்டு நேரம்ணே ஈரம் தாங்கும்?"

"உள்ள ஊத்துனதுதான் மொத ஊத்துனது. இருவது நிமிசம். அதுக்குள்ள ஊத்திட்டா ஒண்ணாச் சேந்துக்கிரும். விட்டா அந்தக் கோட்டோரம் வரப்பு விழுந்துரும்."

"அப்பா, வெளிய வாங்க. அங்கயும் ஊத்தணும்."

"இது கழிச்ச இடம்."

"பெட்டு அங்கயே இருக்காதுப்பா. வலது பக்கம் கை கால் விழுந்தவங்களுக்கு ஒரு மாதிரி போடணும், இடது பக்கம் விழுந்தவங்களுக்கு வேற மாதிரி. நாளும் நகத்துவேன்."

"எஸ்டிமேட்டுல பெட்டு இங்கதான் இருக்கு."

இதைச் சொன்னபோது அவரிடம் கோபம்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நிற்கிற இடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்பது வருஷ வேலையை விட்டுவிட்டு வந்த மகள் ஷட்டருக்கு வெளியே நிற்கிறாள், இவர் பதினாறே கால் சதுர அடிக்குக் காவல் நிற்கிறார். மில் முதலாளிகள், குடோன் மேஸ்திரிகள் என்று எத்தனையோ பிடிவாதங்களை மருது பார்த்திருக்கிறான். அவர்களுக்கெல்லாம் அதில் ஏதோ ஒரு லாபம் இருந்தது.

ரம்யாஸ்ரீ மணி பார்த்தாள். "கலக்குங்கண்ணே" என்றாள்.

மருது இரண்டு செட்டையும் அடுத்தடுத்துக் கலக்கினான். பையிலிருந்த இன்னொரு ஜோடி ஆணிச் செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளிகளோடு ஈரத்தின்மேல் நடந்து போனான். ஒட்டியிருந்த காகித டேப்பை உரித்தான். செருப்பை அவர் காலடியில் வைத்தான்.

"போட்டுக்கிட்டா நடந்து போயிறலாம் சார். வேணாம்னா, காலைச் சுத்தி ஊத்திக்கிறேன்."

இன்வெர்ட்டரில் ஆரம்பித்தான். மேசை என்ற எழுத்து முழுகியது. பீரோ முழுகியது. சாம்பல் நிறம் அவசரமே இல்லாமல் கட்டிலை நோக்கி வந்தது. ராஜகுரு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார். விரல்களை மடக்கினார். சுவரோடு ஒட்டினார். கடைசியில், யாரையும் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டிச் செருப்புக்குள் விட்டார். வாரை மருதுதான் குனிந்து கட்டினான்.

அவர் முதல் அடியை இழுத்து வைத்தார். ஆணிகள் தரையில் கோடு கிழித்தன.

"இழுக்காதீங்க" என்றாள் ரம்யாஸ்ரீ. அந்தக் குரல் வேறாக இருந்தது. மகளுடையது இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவுடையது. "முட்டியத் தூக்குங்க. தூக்கி நேரா வைங்க. தரையப் பாக்க வேணாம், என்னையப் பாருங்க. அவசரம் இல்ல. இப்ப அடுத்த காலு."

கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ராஜகுரு வந்தார். நடுவில் ஒருமுறை உடம்பு ஆடியது. நின்றார். "நல்லா வர்றீங்க. இன்னும் அஞ்சே அடி" என்றாள் அவள். அவருக்குப் பின்னால் ஆணித் தடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்ததை அவர் பார்க்கவில்லை. வாசலை அடைந்ததும் அவள் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே விட்டும்விட்டார்.

கட்டில் என்று எழுதியிருந்த இடத்தை நிரப்பி, அவர் கிழித்த கோட்டின்மேல் ரோலரை ஓட்டி, பின்வாங்கிப் பின்வாங்கி வந்து, வாசலோரத்து ஒன்றரை அடியையும் மருது முடித்தான். இரண்டாவது வாளியும் அங்கேதான் தீர்ந்தது. ரம்யாஸ்ரீ வெளியே மண்ணில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைத் தரை மட்டத்துக்குத் தாழ்த்தி, உள்ளே பார்த்தாள். ஷட்டர் வழியே விழுந்த வெயில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் எங்கேயும் உடையாமல் கிடந்தது. எழுந்தபோது கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை. போனை எடுத்து, வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்த ஒருவரைக் கூப்பிட்டு, வந்துவிடுங்கள் என்றாள்.

ராஜகுரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆணிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏழு பெரிய டப்பாக்கள், ஏழு சின்ன டப்பாக்கள், எல்லாம் காலி. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிய டப்பா ஒன்றை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார். விளிம்பில் ஒரு துளி மெல்லத் திரண்டு, நூலாய் நீண்டு, விழாமல் தொங்கியது. ராஜகுரு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.